எம்14×1 ஸ்பிண்டிலில் புதிய சக்கின் மரை இறுகுகிறது, என்ன செய்வது?

கேள்வி இது: "யூனிமேட் 3 லேத் (சிறிய மேசைக் கடைசல் இயந்திரம்) இருக்கிறது. 80 மி.மீ. மூன்று ஜா சக் (வேலைத்துண்டைப் பிடிக்கும் மூன்று தாடைப் பிடி) ஒன்று வாங்கி, சென்னையில் ஒரு பட்டறையில் அதற்கு பேக் பிளேட் (சக்கை ஸ்பிண்டிலில் மாட்டும் தட்டு) போட்டு வாங்கினேன். இரண்டு, மூன்று சுற்று ஏறியதும் மரை இறுகிவிடுகிறது. அழுத்தித் திருப்பலாமா, இல்லை வால்வ் லேப்பிங் பேஸ்ட் போட்டுத் தேய்க்கலாமா?"

இரண்டையும் செய்யாதீர்கள். பிளேட் கெட்டால் போவது ஒரு துண்டு வார்ப்பிரும்புதான். ஸ்பிண்டில், அதாவது சக்கைச் சுழற்றும் தண்டின், மரை கெட்டால் லேத்தே போகும். பேஸ்டில் உள்ள கார்போரண்டம் தூள் வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் ஒட்டிக்கொண்டு கழுவினாலும் போகாது. அதன் பிறகு சக்கை மாட்டும்போதும் கழற்றும்போதும் உங்கள் ஸ்பிண்டில்தான் தேயும்.

முதலில் அழுக்கைப் பாருங்கள். ஸ்பிண்டில் மரையை மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷும் கொண்டு துடையுங்கள். ஒரு பருத்தி நூலை மரையின் அடியில் சுற்றி இரு முனையையும் பிடித்து இழுத்தால், பிரஷ் எடுக்காத பொடிச் சுருளும் வரும். பிளேட்டின் உள்மரைக்கு, நுனியைக் கூராக்கி வளைத்த பித்தளைக் கம்பி போதும். முதல் மரை தொடங்கும் இடத்தில் கத்தி முனை போல மெல்லிய பிசிறு இருக்கும். அதை ஊசி அரத்தால் எடுத்துவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் இறுகினால், எங்கே இறுகுகிறது என்பதுதான் காரணத்தைச் சொல்லும். முதல் சுற்றிலிருந்தே ஒரே சீராக இறுக்கமாக இருந்தால் பிளேட் மரையின் விட்டம் சிறியது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் மட்டும் பிடித்தால் எங்கோ அடிபட்டு மரை நசுங்கியிருக்கிறது. நீங்கள் சொல்வதுபோல் லேசாக ஏறி, இரண்டு மூன்று சுற்றில் படிப்படியாக இறுகி நின்றால், பிட்ச் (அடுத்தடுத்த மரைகளின் இடைவெளி; எம்14×1 என்றால் விட்டம் 14, பிட்ச் 1 மி.மீ.) தவறு என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இந்தத் தவறு எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. பழைய பட்டறை லேத்துகள் பலவற்றில் லீட் ஸ்க்ரூ (மரை வெட்டும்போது டூலை நகர்த்தும் திருகு) அங்குலக் கணக்கில் இருக்கும். 127 பல் கியர் இல்லாமல் அதில் 1 மி.மீ. பிட்ச் சரியாக வராது. டர்னர் (லேத் ஓட்டுபவர்) கியர் பாக்ஸில் பக்கத்தில் இருக்கும் அளவை, அதாவது அங்குலத்துக்கு 24 மரையை, வைத்து வெட்டியிருப்பார். அது 1.058 மி.மீ. சுற்றுக்கு 0.058 விலகும். முதல் சுற்றில் மரையின் தளர்வு அதை விழுங்கிவிடும், மூன்றாவதில் முடியாது. சோதிப்பது எளிது. பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை உள்மரையில் அழுத்தி எடுத்து, அச்சில் எட்டு பிட்ச் நீளத்தை வெர்னியரில் அளங்கள். 8.0 வர வேண்டும். 8.5 பக்கம் வந்தால் அந்த பிளேட்டைத் திருத்த முடியாது. துளையைப் பெரிதாக்கி புஷ் (உள்ளே பொருத்தும் உருளைத் துண்டு) போட வேண்டும், அல்லது புதிய பிளேட்தான்.

டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) போட்டு வெட்டியிருந்தால் குழப்பம் வேறு விதம். 14 மி.மீ. விட்டத்தில் நான்கு பிட்ச் புழக்கத்தில் உண்டு: பெரிய ஆங்கிள் கிரைண்டரில் வரும் 2, சாதாரண ஃபைன் மரை 1.5, கார் ஸ்பார்க் பிளக் 1.25, உங்கள் யூனிமேட் 1. பாரிமுனை செம்புதாஸ் தெருவில் "14 ஃபைன் டேப்" என்று மட்டும் கேட்டால் 1.5 கொடுப்பார்கள். புதுப்பேட்டையில் கேட்டால் ஸ்பார்க் பிளக் டேப்தான் வரும். "எம்14, பிட்ச் ஒன்று" என்று எழுதிக் காட்டி வாங்குங்கள். வாங்கியதும் பிட்ச் கேஜ் வைத்துப் பாருங்கள். மூன்று டேப் உள்ள செட்டில் கடைசி டேப்பை ஓட்டாமல் விட்டிருந்தாலும் உள்ளே மரை முழுமையாக இல்லாமல் இதே போலப் பிடிக்கும். இது மட்டும்தான் குறை என்றால் கடைசி டேப்பைக் கையால், எண்ணெய் விட்டு, ஒருமுறை ஓட்டினால் முடிந்தது.

இனி புதிதாகச் செய்வதானால், பிளேட்டைத் தொடுவதற்கு முன் உங்கள் ஸ்பிண்டில் மூக்கின் நகல் ஒன்றை ஈஎன்8 எஃகுக் கம்பியில் செய்துகொள்ளுங்கள். இந்த வேலைக்கு நான் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான். லேத்தைத் தூக்கிக்கொண்டு அம்பத்தூருக்கோ கிண்டிக்கோ போக முடியாது. இந்த டம்மியைக் கையில் கொண்டுபோனால், "இதில் ஏறுகிற மாதிரி வெட்டுங்கள்" என்று டர்னரிடம் கொடுத்துவிடலாம். மரையின் நீளம், மரை இல்லாத வழுவழுப்பான பகுதியின் விட்டம், தோள்பட்டைத் தளம் (பிளேட் போய் முட்டி உட்காரும் இடம்) மூன்றும் டம்மியில் அப்படியே இருக்க வேண்டும்.

டம்மி மரையை மூன்று கம்பி முறையில் அளப்பது சிறந்தது. ஒரே தடிமனுள்ள மூன்று கம்பிகள், 0.6 மி.மீ. அளவில், போதும். மரையின் ஒரு பக்கம் இரண்டு, எதிர்ப்பக்கம் ஒன்று வைத்து மைக்ரோமீட்டரில் அளங்கள். பிட்ச் விட்டத்துடன் (மரையின் முகட்டுக்கும் அடிக்கும் இடைப்பட்ட விட்டம்) கம்பி விட்டத்தின் மூன்று மடங்கைக் கூட்டி, பிட்ச்சின் 0.866 பங்கைக் கழித்தால் வருவது அந்த அளவு. தளர்வே இல்லாத எம்14×1 மரைக்கு பிட்ச் விட்டம் 13.350, ஆகவே 0.6 கம்பியில் 14.284 வரும். உங்கள் ஸ்பிண்டில் இதைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும், அது சரிதான். கணக்கு பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். அதே கம்பிகளால் ஸ்பிண்டிலை அளந்து, டம்மி அதைவிட 0.02 கூடுதலாக வரும்படி வெட்டினால் போதும். டம்மியில் விரலால் ஏறும் பிளேட் ஸ்பிண்டிலில் தாராளமாக ஏறும்.

மரை சக்கை மையப்படுத்துவதில்லை. இழுத்துப் பிடிப்பது மட்டுமே அதன் வேலை. மையத்தைத் தருவது வழுவழுப்பான பகுதியும் தோள்பட்டையும். ஆகவே அந்தப் பகுதிக்கான துளையை டம்மியுடன் 0.01 முதல் 0.02 தளர்வில் போரிங் (துளையை உள்ளே கடைந்து பெரிதாக்குதல்) செய்யச் சொல்லுங்கள். மரை சற்று லூஸாக இருந்தாலும் கவலை வேண்டாம், டெஃப்லான் நாடா சுற்றி இறுக்கவும் வேண்டாம். நாடா நசுங்கி பிளேட்டைச் சாய்த்துவிடும். பேஸிங் (முகப்பைத் தட்டையாகக் கடைதல்), போரிங், மரை மூன்றையும் பிளேட்டைக் கழற்றாமல் ஒரே பிடியில் முடிக்க வேண்டும். மரைக்குத் துளை 13.0 மி.மீ. மரை முடியும் இடத்தில் ஒரு பள்ளமும், வாயில் நல்ல சேம்பரும் (சரித்து வெட்டிய விளிம்பு) இருந்தால்தான் பிளேட் தோள்பட்டை வரை போய் உட்காரும். உட்காருகிறதா என்று பார்க்க டம்மியின் தோளில் மார்க்கர் மையைத் தடவி ஏற்றிக் கழற்றுங்கள். மை வட்டம் முழுவதும் பிளேட்டில் படிந்திருக்க வேண்டும். மரையிலும் மை தடவிப் பார்க்கலாம். முகட்டில் மட்டும் உரசல் தெரிந்தால், கூர் மழுங்கிய டூலால் பிளேட் மரையின் அடி ஆழமாக வெட்டப்படவில்லை. பக்கச் சரிவில் தெரிந்தால் இன்னும் 0.05 வெட்ட வேண்டும்.

சக் உட்காரும் முன்பக்கத்தைப் பட்டறையில் முடிக்க விடாதீர்கள். அரை மி.மீ. உபரியோடு வாங்கி வந்து, உங்கள் ஸ்பிண்டிலிலேயே மாட்டிக் கடையுங்கள். கே11-80 வகை சக் என்றால் பின்பள்ளம் 55 மி.மீ., மூன்று எம்6 போல்ட், 66 மி.மீ. வட்டத்தில். பிளேட்டின் மேடு பள்ளத்தின் ஆழத்தைவிட 0.5 மி.மீ. குட்டையாக இருக்கட்டும், அப்போதுதான் சக் விளிம்பில் உட்காரும். மேட்டை 54.98க்குக் கடையலாம். என் விருப்பம் 54.8, தட்டி மையப்படுத்த இடம் கிடைக்கும். போல்ட் துளையை 6.6 ஆகத் துளைத்து, போல்ட்டைப் பாதி இறுக்கி, ஜாவில் நேரான ஒரு கம்பியைப் பிடித்து டயல் கேஜ் வைத்து, மரச்சுத்தியலால் தட்டித் தட்டி அவுட்டை (மைய விலகலை) எடுக்கலாம். மூன்று ஜாவும் சேர்ந்தே நகரும் மலிவான ஸ்க்ரோல் சக்கில் 0.1 அவுட் வருவது சகஜம். இந்த முறையில் அந்தக் கம்பி அளவுக்கு 0.02க்குள் கொண்டுவர முடியும், வேறு விட்டத்தில் கொஞ்சம் மாறும்.

ஒரு எச்சரிக்கை. யூனிமேட் 3-இன் மைய உயரம் (பெட் எனும் அடித்தளத்திலிருந்து ஸ்பிண்டில் மையம் வரை) 46 மி.மீ. 80 மி.மீ. சக் மாட்டினால் பெட்டுக்கும் சக்குக்கும் இடையே 6 மி.மீ.தான் மிஞ்சும். ஜா அதற்கு மேல் வெளியே நீண்டால் இடிக்கும். பவர் போடும் முன் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். இன்னும் வாங்காதவர்கள் 65 மி.மீ. சக்கோடு நிறுத்திக்கொள்ளலாம், எடையும் சின்ன மோட்டாருக்குத் தாங்கும்.

பிட்ச் தவறிய பிளேட்டையே காப்பாற்ற வேண்டுமென்றால், துளையை 20 மி.மீ.க்குப் பெரிதாக்கி, 0.05 தளர்வில் ஈஎன்8 புஷ் ஒன்றை ரிடெய்னிங் காம்பவுண்ட் (உலோக ஒட்டும் பசை) தடவி நுழைத்து, ஒரு நாள் விடுங்கள். இரு உலோகமும் சேரும் கோட்டில் இரண்டு கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத திருகு) போட்ட பிறகு மரை வெட்டலாம். ஒட்டும் முன் அசிட்டோனால் எண்ணெய் போகத் துடைக்காவிட்டால் பிடிக்காது.

மரையில் ஏறும் சக், லேத்தைத் திருப்பி ஓட்டினால் தானே கழன்று வரும். ஆகவே ரிவர்ஸில் வெட்டாதீர்கள், வேகமாக ஓடும்போது திடீரென நிறுத்தவும் வேண்டாம். கழற்றி வைக்கும்போது மரைக்கும் தோளுக்கும் எண்ணெய் தடவி வையுங்கள். கடற்காற்று வீசும் பகுதியில் ஒரு மழைக்காலம் போதும், வார்ப்பிரும்பில் துரு ஏறி, இத்தனை பாடுபட்டு எடுத்த ஃபிட் மறுபடி இறுகிவிடும்.