இரண்டாவது சீசன் டிஃபென்டர்: என்ன எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது? (கேள்வி பதில்)

கால்பந்தில் முதல் சீசனில் பெயர் வாங்கிய இளம் டிஃபென்டர் (எதிரணி கோல் போடாமல் தடுக்கும் பின்கள ஆட்டக்காரர்) அடுத்த சீசனில் எப்படி ஆடுவார் என்று கேட்டு நிறைய பேர் எழுதியிருந்தீர்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்ட இடங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். இளைஞர் அணிகளின் பின்களத்துக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. அதனால் கோல் போடும் ஸ்ட்ரைக்கர்களைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் காரம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வரிசை ரசிகன்: எங்கள் அணியின் 20 வயது சென்டர் பேக் (பின்களத்தின் நடுவில் நிற்பவர்) போன வருடம் தூள் கிளப்பினார். இந்த சீசனில் ஆரம்பத்திலிருந்தே தடுமாறுகிறார். இரண்டாவது சீசன் சாபம் என்கிறார்களே, அப்படி ஒன்று உண்டா?

சாபமெல்லாம் இல்லை. எதிரணிக்கு வீடியோ கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். போன வருடம் அவரைப் பற்றி மற்ற கிளப்புகளிடம் இருந்தவை ஜூனியர் ஆட்டங்களின் துண்டுகள். இப்போது ஒரு முழு சீசன் இருக்கிறது. பந்து வந்ததும் எந்தக் காலுக்கு மாற்றுகிறார், முதுகுக்குப் பின்னால் யாராவது ஓடினால் எந்தத் தோள் வழியாகத் திரும்பிப் பார்க்கிறார், நெருக்கினால் கோல்கீப்பரிடம் திருப்பிக் கொடுக்கிறாரா அல்லது கண்ணை மூடிக்கொண்டு முன்னால் அடிக்கிறாரா என்பதையெல்லாம் எழுதி ஸ்ட்ரைக்கர் கையில் கொடுத்திருப்பார்கள். பிரெஸ் செய்யும் (பந்து வைத்திருப்பவரை உடனே ஓடி நெருக்கும்) அணிகள் வேண்டுமென்றே மற்ற டிஃபென்டர்களை அடைத்துவிட்டு இவரை மட்டும் திறந்து விடும். "பந்தை இவனிடம் போக விடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பதுதான் கணக்கு. நீங்கள் பார்க்கும் தடுமாற்றம் பெரும்பாலும் அங்கிருந்து வருகிறது.

ஆகவே அவர் தவறு செய்கிறாரா என்று பார்க்காதீர்கள், கட்டாயம் செய்வார். எதிரணியின் ஒரே வித்தை அவரிடம் எத்தனை ஆட்டங்களுக்குப் பலிக்கிறது என்று பாருங்கள். லிவர்பூலில் டிஃபென்டர் ட்ரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னால்டின் இரண்டாவது சீசன் 2017-18. அந்த மார்ச் மாதம் ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டின் ரஷ்ஃபோர்டு அவரை ஏமாற்றி உள்ளே வெட்டி ஒரு கோல், சற்று நேரத்தில் இன்னொன்று. லிவர்பூல் 2-1 என்று தோற்றது. பையன் இன்னும் தயாராகவில்லை என்று எழுதித் தள்ளினார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் மான்செஸ்டர் சிட்டியின் லெராய் சானேயை அவர் பக்கம் அனுப்பினார்கள். அன்று அவரைத் தாண்ட முடியவில்லை, லிவர்பூல் 3-0. மே மாதம் 19 வயதில் இறுதியாட்டம் ஆடினார். நடுவில் அவர் புதிதாக வேகம் எதுவும் சம்பாதித்துவிடவில்லை. எவ்வளவு தூரம் விட்டு நிற்பது, உடம்பை எந்தக் கோணத்தில் வைப்பது என்ற இரண்டும் மாறியிருந்தன.

உங்கள் ஆளுக்கு டிசம்பர் வரை நேரம் கொடுங்கள். அதற்குப் பிறகும் அதே இடத்தில் அதே மாதிரி விழுந்தால் அப்போது கவலைப்படலாம்.

எண்கள் பைத்தியம்: போன சீசனைவிட டேக்கிள் (எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பது), கிளியரன்ஸ் (ஆபத்தான இடத்திலிருந்து பந்தைத் தூர அடிப்பது) எல்லாம் பாதியாகிவிட்டன. பின்னடைவுதானே?

தெரியாது என்பதுதான் நேர்மையான பதில். அந்த இரண்டு எண்களை வைத்து யாராலும் சொல்ல முடியாது. உங்கள் அணி பந்தை அதிக நேரம் வைத்திருக்க ஆரம்பித்தால் டேக்கிள் செய்ய வாய்ப்பே குறையும். தாழ்ந்து நின்று ஆடும் அணியில் யாரை நிறுத்தினாலும் கிளியரன்ஸ் குவியும். அதைவிட முக்கியம், நல்ல டிஃபென்டர் வளர வளர டேக்கிள் குறைவதுதான் இயல்பு. 19 வயதில் தாமதமாகப் புரிந்துகொண்டு சறுக்கிப் போய்ப் பந்தை எடுப்பார், கைதட்டல் விழும். 21 வயதில் இரண்டு அடி முன்கூட்டியே நகர்ந்திருப்பார், அந்த பாஸே வராது. வராத பாஸை எந்தப் புள்ளிவிவர நிறுவனமும் எண்ணுவதில்லை.

எண்தான் வேண்டுமென்றால் மூன்றைப் பாருங்கள்: ஒருவருக்கு ஒருவர் மோதலில் தாண்டப்பட்ட விகிதம், எதிரணி ஷாட்டில் போய் முடிந்த தவறுகள், நெருக்கடியில் கொடுத்த முன்னோக்கிய பாஸ்கள். அதையும் பத்து ஆட்டத்துக்குக் குறைவாக இருந்தால் ஒதுக்கி வையுங்கள். முதல் மோதல் எண்ணைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை: பக்கத்தில் ஆடும் ஃபுல் பேக் (ஓரத்து டிஃபென்டர்) மேலே ஏறிவிட்டுத் திரும்பாதவர் என்றால், பரந்த வெளியில் தனியாக மாட்டுவது இவர்தான். அந்த விகிதத்தில் பாதி அந்த ஃபுல் பேக்கின் கணக்கில் எழுதப்பட வேண்டியது.

நம்பர் 4: அண்ணா, எனக்கு 19 வயசு. போன சீசன் கடைசியில் தொடர்ந்து ஆடினேன். இப்போ கிளப்பில் 28 வயசு டிஃபென்டர் ஒருத்தரை வாங்கிட்டாங்க. கோச் "நீயும் திட்டத்தில் இருக்கே"ன்னு சொல்றார். பெஞ்சில் இருக்கவா, தற்காலிகமா வேற கிளப்பில் போய் ஆட லோன் கேட்கவா?

தம்பி, "திட்டத்தில் இருக்கே" என்பது எல்லாக் கோச்சும் எல்லாரிடமும் சொல்வது. அதை நம்பவும் வேண்டாம், சந்தேகப்படவும் வேண்டாம். நேராக ஒரு கேள்வி கேள்: "சென்டர் பேக் வரிசையில் நான் எத்தனையாவது ஆள்?" மூன்றாவது என்றால் இருந்துவிடு. காயம், தடை, அடுத்தடுத்த ஆட்டங்கள் என்று மூன்றாவது ஆளுக்கு எப்படியும் வேலை வரும். நான்கோ ஐந்தோ என்றால் பையைக் கட்டு. ஸ்ட்ரைக்கராக இருந்தால் கடைசி இருபது நிமிடம் இறக்கிவிடுவார்கள். பின்களத்தை ஆட்டத்தின் நடுவில் யாரும் விரும்பிக் கலைப்பதில்லை. ஐந்து மாற்று ஆட்டக்காரர் விதி வந்தும் இதில் பெரிய மாற்றமில்லை. பெஞ்சில் இருக்கும் டிஃபென்டர் பெஞ்சிலேயே இருப்பான்.

லோன் என்று முடிவானால் லீக்கின் பெயரைப் பார்த்து மயங்காதே. அங்கே உன்னைக் கேட்டது கோச்சா, நிர்வாகமா? கோச் என்றால் நல்லது, ஆனால் அவர் நாற்காலி உறுதியாக இருக்கிறதா? அந்த அணி தாழ்ந்து நின்று ஆடுமா, உன் கிளப் மாதிரி மேலேறி ஆடுமா? முழு வருடமும் பெனால்டி பெட்டிக்குள் நின்று ஹெடர் அடித்துவிட்டுத் திரும்பினால், அரைக்கோட்டில் நிற்கும் வரிசையில் உன்னை மறுபடி முதலிலிருந்து பழக்க வேண்டும். இதைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டு வருடத்தைத் தொலைத்த பையன்கள் ஏராளம். வெளிநாட்டு லோன் என்றால் சில கட்டுப்பாடுகளும் உண்டு. ஒரு கிளப் ஒரே நேரத்தில் 6 பேரைத்தான் வெளிநாட்டுக்கு லோனில் அனுப்பலாம் என்பது 2024 ஜூலை முதல் ஃபிஃபா விதி. ஆனால் 21 வயதுக்குட்பட்டு, அந்த கிளப்பிலேயே பயிற்சி பெற்றவன் அந்தக் கணக்கில் வரமாட்டான். நீ அப்படிப்பட்டவன் என்றால், அதைச் சொல்லி உன் இடத்தை யாரும் மறுக்க முடியாது.

லோன் போனவன் ஒழிந்தான் என்று வீட்டில் யாராவது சொன்னால் பிரெஞ்சு சென்டர் பேக் வில்லியம் சலிபாவைச் சொல். 2019-இல் ஆர்சனல் வாங்கியது. அவருடைய இரண்டாவது சீசன் பழைய கிளப்பான சாந்த் எத்தியெனிலேயே லோனில் கழிந்தது, அதிலும் காயம் குறுக்கே வந்தது. பிறகு நீஸ், பிறகு மார்சேய். ஆர்சனலுக்கு முதல் லீக் ஆட்டம் ஆடியது 2022 ஆகஸ்டில். மார்சேயில் முழுதாக ஆடிய சீசன்தான் அவரை அவராக்கியது. மூன்று வருடம் என்பது உன் வயதில் ஒரு யுகம் மாதிரி இருக்கும், எனக்குத் தெரியும்.

ஒரு அம்மா: சார், என் மகன் ஒரு முக்கியமான ஆட்டத்தில் சேம் சைடு கோல் போட்டுவிட்டான். போனில் வரும் வசவுகளைப் படித்துக்கொண்டே இருக்கிறான். சாப்பாடு இறங்கவில்லை. புது சீசன் தொடங்கப் போகிறது. நான் என்ன சொல்ல?

அம்மா, முதலில் ஆட்டத்தைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள். அதை அவனுக்கு எடுத்துச் சொல்ல கிளப்பில் பத்துப் பேர் இருக்கிறார்கள், வீட்டிலும் பதினோராவது ஆள் வேண்டாம். கணக்கை வேறொருவர் பார்த்துக்கொள்ள, அந்தச் செயலிகளை அவன் போனிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். பெரிய ஆட்டக்காரர்களே இப்படித்தான் செய்கிறார்கள். தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்குள் சீராகாவிட்டால் கிளப் மருத்துவரிடமோ உளவியல் ஆலோசகரிடமோ போகட்டும். தொடை பிடித்துக்கொண்டால் பிசியோவிடம் போவதில்லையா, இதில் வெட்கம் எதற்கு?

அவனே கேட்டால் இங்கிலாந்து டிஃபென்டர் லெவி கோல்வில் பற்றிச் சொல்லுங்கள். ஹடர்ஸ்ஃபீல்டில் லோனில் அவருடைய முதல் சீசன். 2022 மே மாதம், வெம்ப்லியில், பிரீமியர் லீக்குக்கு ஏறும் இடத்துக்கான இறுதியாட்டம். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 1-0 என்று வென்றது. அந்த ஒரு கோல் இவருடைய சேம் சைடு கோல். இதைவிட மோசமாக ஒரு முதல் சீசன் முடிய முடியாது. அடுத்த சீசன் பிரைட்டனில், முதல் சில மாதங்கள் பெரும்பாலும் பெஞ்ச், பிறகு மெல்ல மெல்ல முதல் பதினொன்று. 2023 கோடையில் 21 வயதுக்குட்பட்டோர் யூரோ கோப்பையை இங்கிலாந்து வென்றபோது அந்தப் பின்களத்தில் அவர் இருந்தார். தொடர் முழுக்க அந்த அணி ஒரு கோல்கூட வாங்கவில்லை.

உங்கள் மகனை முதல் ஆட்டத்தில் பயிற்சியாளர் இறக்குகிறாரா என்று பாருங்கள். இறக்கினால் நம்பிக்கை போகவில்லை என்று அர்த்தம். அதை எந்த ஆறுதல் வார்த்தையும் ஈடு செய்யாது.

ஆஃப்சைடு கொடி: எங்கள் புதுப் பயிற்சியாளர் பின்வரிசையை அரைக்கோடு வரை ஏற்றுகிறார். இளம் டிஃபென்டருக்கு இது ஆபத்தில்லையா?

பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. பாவ் குபார்சி தன் இரண்டாவது சீசனில், 17 வயதில், பயிற்சியாளர் ஃபிளிக்கின் பார்சிலோனாவில் இந்த ஆட்டம்தான் ஆடினார். 2024 அக்டோபர் 26 அன்று மாட்ரிட்டில் 4-0 என்று வென்ற ஆட்டத்தில் ரியல் மாட்ரிட்டின் எம்பாப்பே மட்டும் 8 முறை ஆஃப்சைடில் (பந்து வரும் முன்பே பின்வரிசையைத் தாண்டி நிற்பது) மாட்டினார். பையனின் திறமையைப் பாராட்டியவர்கள் பக்கத்தில் நின்ற 33 வயது இனிகோ மார்டினெஸைக் கவனித்தார்களா தெரியவில்லை. எப்போது ஏறுவது, எப்போது இறங்குவது என்று கத்திக்கொண்டே இருந்தவர் அவர்தான். வரிசையில் ஒருவர் கால் பின்தங்கினாலும் மொத்தமும் வீண், வடம் பிடிப்பது போல எல்லாரும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டிய வேலை இது. உங்கள் அணியில் அனுபவசாலி ஒருவர் இருந்தால் பையன் இதில் வேகமாக வளர்வான். இரண்டு பக்கமும் 20 வயது என்றால் சீசன் பார்க்க விறுவிறுப்பாக இருக்கும், உங்களுக்கு ரத்த அழுத்தமும் கூடும்.

ஃபேன்டசி மேனேஜர்: என் அணியில் எடுக்கலாமா?

அவர் ஆடும் அணி கோல் வாங்காத அணியா என்று பார்த்து எடுங்கள், வயதைப் பார்த்து அல்ல. பிரீமியர் லீக் ஃபேன்டசியில் (நிஜ ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்துப் புள்ளி சேர்க்கும் இணைய விளையாட்டு) 2025-26 முதல் ஒரு ஆட்டத்தில் கிளியரன்ஸ், பிளாக் (ஷாட்டைத் தடுப்பது), இன்டர்செப்ஷன் (பாஸை இடைமறிப்பது), டேக்கிள் எல்லாம் சேர்த்து 10 வந்தால் டிஃபென்டருக்கு 2 புள்ளி. அதனால் அடி வாங்கும் அணியின் சென்டர் பேக்குக்கும் இப்போது கொஞ்சம் மதிப்பு வந்துவிட்டது.

பள்ளிக் கோச்: என்னிடம் படித்த பையன் போன வருடம் பத்து ஆட்டம் அளவுக்கு ஆடினான். இந்த வருடம் எல்லா ஆட்டமும் ஆட வைப்பார்கள் போலிருக்கிறது. உடம்பு தாங்குமா?

எனக்கு உண்மையான பயம் இதில்தான். 38 ஆட்ட லீக்கை முழுதாக ஆடினால் 3,420 நிமிடம், கோப்பை ஆட்டங்கள் தனி. 900 நிமிடத்திலிருந்து ஒரே தாவலில் அங்கே போகும் உடம்பு பாதி வழியில் ஏதாவது ஒரு கணக்கைத் தீர்க்கும். பெரும்பாலும் தொடையின் பின்தசையில், சில சமயம் இடுப்பில். 19 வயதில் எலும்பும் தசைநாரும் இன்னும் முழுதாக உறுதிப்பட்டிருக்காது. விடுமுறையில் கனமான எடைப் பயிற்சியையும் முழு வேக ஓட்டத்தையும் விடாமல் செய்திருக்கிறானா என்று கேளுங்கள். இரண்டாவதைத்தான் நிறைய பேர் விட்டுவிடுவார்கள். சீசன் நடுவில் இரண்டு வாரம் உட்கார வைத்தால் நீங்கள் சண்டைக்குப் போகாதீர்கள், நன்றி சொல்லுங்கள்.

கோல் பசி: கார்னரில் நன்றாக எழும்புகிறார். எத்தனை கோல் எதிர்பார்க்கலாம்?

மிலன் அணியின் பெரும் டிஃபென்டர் பாவ்லோ மால்டினி இரண்டாவது சீசனில், 1985-86, லீக்கில் 27 ஆட்டம் ஆடினார். கோல் பூஜ்யம். முதல் கோல் 1987-இல்தான் வந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

சந்தேகப் பிராணி: 20 வயதிலும் "எதிர்கால நட்சத்திரம்" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இதற்கு மேல் எப்போது?

டிஃபென்டருக்கு 20 என்பது தொடக்கம். நெதர்லாந்து சென்டர் பேக் வான் டைக் அந்நாட்டின் க்ரோனிங்கன் கிளப்பில் 2011-இல் ஆரம்பித்தவர். 2012-இல் வயிற்று நோய்த்தொற்றால் அறுவை சிகிச்சை மேசைக்கே போனவர். அந்த வயதில் பெரிய கிளப் எதுவும் அவர் வாசலில் வரிசையில் நிற்கவில்லை. 7.5 கோடி பவுண்டுக்கு லிவர்பூல் போனது 2018 ஜனவரியில், 26 வயதில்.

தண்டனைக் கணக்கு: நவம்பருக்குள் 4 மஞ்சள் அட்டை. கோச் என்ன செய்ய வேண்டும்?

எதற்காக வாங்கினார் என்று பிரித்துப் பாருங்கள். எதிர்த்தாக்குதலை நடுக்களத்தில் நிறுத்தி வாங்கியது என்றால் அது அணிக்காகச் செய்த செலவு, விட்டுவிடலாம். வாக்குவாதம் செய்தோ, தாமதமாகச் சறுக்கியோ வாங்கியது என்றால் உட்கார வைத்துப் பேச வேண்டும். பிரீமியர் லீக்கில் முதல் 19 ஆட்டத்துக்குள் 5 வந்தால் ஒரு ஆட்டத் தடை. அந்த எல்லையைத் தாண்டிய பிறகு ஐந்தாவது வந்தால் தடை இல்லை. உங்கள் லீக்கின் எல்லையைத் தெரிந்துகொண்டு, அதற்கு முன் வரும் சுலபமான ஆட்டம் ஒன்றில் அவருக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள்.