டெல்லி–சிகாகோ டிக்கெட்டில் வியன்னா எதற்கு?

கேள்வி: திருச்சியில் இருக்கிறோம், நானும் கணவரும் ஓய்வு பெற்றவர்கள். மகள் பிரசவத்துக்காகச் சிகாகோ போக வேண்டும். ஏர் இந்தியாவில் டெல்லி வழியாகப் பார்த்தால் நடுவில் வியன்னாவில் நிற்கும் என்று இருக்கிறது. பாகிஸ்தான் வான்வெளி மூடியிருப்பதுதான் காரணம் என்கிறார்கள். கணவருக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். இப்படிப் போகலாமா, இல்லை வளைகுடா வழியாகப் போவது நல்லதா? திடீரென்று மறுபடி சண்டை வந்தால் டிக்கெட் பணம் என்னாகும்?

பதில்: அம்மா, முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். வான்வெளி மூடல் என்று டிவியில் ஒரே வார்த்தையாகச் சொல்கிறார்களே, அது உண்மையில் இரண்டு சமாச்சாரம். உங்கள் டிக்கெட்டில் வியன்னாவைக் கொண்டுவந்தது ஒன்று, நீங்கள் பயப்படுகிறது இன்னொன்று.

முதலாவது கொடி பார்த்துப் போடுகிற தடை. பஹல்காம் தாக்குதல் நடந்து இரண்டு நாள் கழித்து, 2025 ஏப்ரல் 24 அன்று, இந்திய விமானங்கள் எங்கள் வானத்தில் வரக்கூடாது என்று பாகிஸ்தான் அறிவித்தது. 30ஆம் தேதி இந்தியாவும் அதையே திருப்பிச் செய்தது. தடை இந்தியாவில் பதிவான, இந்திய நிறுவனங்கள் சொந்தமாகவோ குத்தகைக்கோ ஓட்டுகிற விமானங்களுக்கு மட்டும்தான். எமிரேட்ஸுக்கோ லுஃப்தான்சாவுக்கோ இது பொருந்தாது. (2025 மே மாதச் சண்டை நேரத்தில் லுஃப்தான்சா, ஏர் பிரான்ஸ் எல்லாம் தாங்களாகவே அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போனார்கள், அது வேறு.) ஒரு நாட்டின் தரைக்கு மேலே இருக்கிற வானம் அந்த நாட்டுக்கே சொந்தம் என்று சொல்கிற ஒப்பந்தம் 1944இல் நீங்கள் போகிற அதே சிகாகோவில்தான் கையெழுத்தானது.

இந்தத் தடை நோட்டாம் என்கிற விமானிகளுக்கான அறிவிப்பாக வரும், ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு முறை நீட்டிப்பார்கள். முடிகிற நேரத்தைப் பாருங்கள், 23 அல்லது 24ஆம் தேதி அதிகாலை 5.29 என்று இருக்கும். ஏதோ ராகுகாலக் கணக்கு மாதிரித் தோன்றும். சர்வதேச நேரத்தில் அது இரவு 23.59, அவ்வளவுதான். ஒரு பக்கம் நீட்டினால் மறு பக்கமும் நீட்டும். இதில் உங்களுக்கு எந்த ஆபத்தும் இல்லை, சுற்று வழியும் செலவும்தான்.

அப்புறம் வியன்னா. டெல்லியிலிருந்து மேற்கே போகிற விமானம் சாதாரண நாளில் லாகூர் பக்கமாக நேராகப் போய்விடும். இப்போது குஜராத் பக்கம் இறங்கி, அரபிக்கடலைத் தாண்டி, ஓமன் பக்கமாக மேலே ஏற வேண்டியிருக்கிறது. மேற்கே போகும்போது எதிர்காற்று வேறு. தூரம் கூடினால் கூடுதல் எரிபொருள் ஏற்ற வேண்டும், அந்த எரிபொருளின் எடையைச் சுமக்கவே இன்னும் கொஞ்சம் எரிபொருள் வேண்டும், ஒரு கட்டத்தில் ஆளையோ சரக்கையோ குறைத்தால்தான் கிளம்ப முடியும் என்றாகிவிடும். ஆளைக் குறைப்பதற்குப் பதில் நடுவில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொள்கிறார்கள். விமானிகளின் வேலை நேரத்துக்கும் வரம்பு இருக்கிறது, அதனால் அங்கே ஆட்களும் மாறுவார்கள். இதனால் ஆண்டுக்கு 60 கோடி டாலர் வரை கூடுதல் செலவாகும் என்று ஏர் இந்தியா அரசிடம் கணக்குக் கொடுத்ததாகச் செய்தி வந்தது. எதிர்ப்பக்கமும் சும்மா தப்பவில்லை. ஏப்ரல் 24 முதல் ஜூன் 30 வரை மட்டும் தன் வானத்தில் பறக்கிறவர்களிடம் வாங்குகிற கட்டண வருமானத்தில் 410 கோடி பாகிஸ்தான் ரூபாய் போனது என்று அவர்கள் அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது.

இரண்டாவது வகைதான் நிஜமான மூடல், ஏவுகணை பறக்கிற நேரத்து மூடல். 2019இல் இந்தியா நடத்திய பாலகோட் தாக்குதலுக்கு மறுநாள் பிப்ரவரி 27 அன்று மூடிய வானத்தைப் பாகிஸ்தான் ஜூலை 16 அன்றுதான் முழுக்கத் திறந்தது. 2025 மே மாதம் இந்தியா வடக்கிலும் மேற்கிலும் 32 விமான நிலையங்களை மூடியது; 15ஆம் தேதி வரை என்று சொல்லியிருந்தாலும் 12ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். இந்த மூடலைக் கேட்டுப் பயப்படாதீர்கள், மூடாமல் விட்டால்தான் பயப்பட வேண்டும். 2020 ஜனவரி 8 அன்று ஈரான் ஏவுகணை வீசிவிட்டுப் பதிலடிக்குக் காத்திருந்த அந்த இரவில் டெஹ்ரான் விமான நிலையத்தை மூடவில்லை. கிளம்பிய உக்ரைன் பயணிகள் விமானத்தை எதிரி என்று நினைத்து அவர்கள் படையே சுட்டுவிட்டது, 176 பேர் போய்விட்டார்கள். இங்கே விமானத்தைச் சுட்டு வீழ்த்துகிற ஏவுகணையாக இந்தியா எஸ்-400 வைத்திருக்கிறது, பாகிஸ்தான் சீனாவின் எச்.க்யூ-9 வைத்திருக்கிறது. இரண்டுமே தொலைதூரத்தில் அடிக்கக்கூடியவை. பதற்றத்தில் ரேடார் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாம் ஒரு புள்ளிதான்.

எல்லைக்குப் பத்து கிலோமீட்டருக்குள் போர் விமானங்கள் வரக்கூடாது என்று 1991இலேயே இரண்டு நாடும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. அதெல்லாம் அமைதி நாளுக்கு.

இந்தத் தடையால் பயணிகள் நிஜமாகவே நடுங்கிய ஒரு சம்பவமும் உண்டு. 2025 மே 21, டெல்லி–ஸ்ரீநகர் இண்டிகோ, உள்ளே 220 பேருக்கு மேல். பதான்கோட் பக்கம் ஆலங்கட்டி மழை மேகம் எதிரே நிற்கிறது. எல்லைப் பக்கமாக ஒதுங்கவா என்று விமானி நம் விமானப்படைக் கட்டுப்பாட்டு அறையிடம் கேட்டார், அனுமதி இல்லை. லாகூரிடம் கேட்டார், அங்கேயும் இல்லை. திரும்பலாம் என்றால் மேகம் ரொம்பக் கிட்டே வந்துவிட்டது, சரி என்று உள்ளேயே விட்டுவிட்டார். ஒரு கட்டத்தில் நிமிடத்துக்கு 8,500 அடி வேகத்தில் இறங்கியது என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் பிறகு சொன்னது. மூக்குப் பகுதி நசுங்கிப்போய், ஆனால் பத்திரமாக ஸ்ரீநகரில் இறங்கினார்கள். எல்லையை ஒட்டிப் பறக்கிறவர்களுக்குத்தான் இந்தப் பாடு, உங்கள் வழி அங்கே போகவில்லை.

சரி, எதை எடுப்பது? நான் என்றால் திருச்சியிலோ சென்னையிலோ ஏறி வளைகுடா வழியாகப் போவேன். நம் ஊரிலிருந்து துபாயோ அபுதாபியோ போகிற வழியில் பாகிஸ்தான் குறுக்கே வருவதே இல்லை. நடுவில் இறங்கி நடக்கலாம், சாப்பிடலாம், உங்கள் கணவருக்கு அது பெரிய விஷயம். அபுதாபியின் விமான நிறுவனமான எதிஹாட்டில் போனால் இன்னொரு வசதி, அமெரிக்கக் குடிநுழைவுச் சோதனையை அபுதாபியிலேயே முடித்துவிடுவார்கள், சிகாகோவில் களைத்துப்போய் வரிசையில் நிற்க வேண்டாம். ஆனால் வளைகுடாவுக்கும் ஆயுள் உத்தரவாதம் கிடையாது. 2025 ஜூன் 23 அன்று கத்தாரில் இருக்கிற அமெரிக்கத் தளத்தை ஈரான் தாக்கியபோது தோஹாவும் சில மணி நேரம் மூடிக்கிடந்தது. அதனால் எடுக்கிற வாரத்துச் செய்தியைப் பார்த்துவிட்டு எடுங்கள். ஏர் இந்தியாவில் நல்ல விலை கிடைக்கிறது என்றால் அதிலும் தாராளமாகப் போகலாம், நேரம்தான் அதிகம்.

எதில் போனாலும் ஊரிலிருந்து சிகாகோ வரை ஒரே பி.என்.ஆர். ஆக இருக்கட்டும். டெல்லி வரை ஒரு கம்பெனி, அப்புறம் வேறு கம்பெனி என்று தனித்தனியாக வாங்கி ஆயிரம் இரண்டாயிரம் மிச்சம் பிடித்தவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனிக்கு அது சம்பந்தமே இல்லாத விஷயம்.

பணம்: விமானத்தை அவர்களே ரத்து செய்தால் முழுப் பணமா, மாற்று விமானமா என்று தேர்ந்தெடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. அதற்கு மேலே நஷ்டஈடு கேட்டால், அரசு உத்தரவு, போர் மாதிரி காரணங்களுக்கு இந்திய விதியில் விலக்கு இருக்கிறது, கிடைக்காது. பயணக் காப்பீட்டில் போர் விலக்கு (போரால் வருகிற நஷ்டத்துக்குப் பணம் தரமாட்டோம்) என்கிற பத்தியை வாங்குவதற்கு முன்னாலேயே படித்துவிடுங்கள். பெரும்பாலான பாலிசிகளில் அது இருக்கும், ஏஜென்ட் சொல்லமாட்டார்.

இன்சுலின், சோதனைக் கருவி, மருத்துவரின் ஆங்கிலக் கடிதம் எல்லாம் கைப்பையில். பெரிய பெட்டியில் போட்டால் சரக்கு அறைக் குளிரில் இன்சுலின் உறைந்து கெட்டுவிடலாம். ஏர் இந்தியா என்று முடிவானால், வியன்னாவில் பொதுவாகக் கீழே இறங்க விடமாட்டார்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் சீட்டிலேயே இருக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்துக்குச் சாப்பாடு வருமா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் வீட்டிலிருந்தே பொட்டுக்கடலையோ பிஸ்கட்டோ ஒரு டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள்.