கேளுங்கள், சொல்கிறேன்: கையெழுத்துக்கு அப்புறம் என்ன நடந்தது?

கே: லிங்கன் அடிமை முறையை ஒழித்துவிட்டார் என்றுதான் பள்ளியில் படித்தேன். அப்படியென்றால் நூறு வருடம் கழித்து மார்ட்டின் லூதர் கிங் எதற்காகப் போராட வேண்டியிருந்தது? (கல்லூரி மாணவர், கரூர்)

ப: இடையில் 1877 என்று ஒரு வருடம் இருக்கிறது, தம்பி. நம் பாடப்புத்தகங்கள் அதைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன.

லிங்கனின் 1863 பிரகடனம், பிரிந்து போய்ச் சண்டை போட்டுக்கொண்டிருந்த தென் பகுதிகளுக்கு மட்டும்தான். நாடு முழுக்க அடிமை முறை போனது 1865 டிசம்பரில், 13-வது சட்டத்திருத்தத்தால். 1868-ல் குடியுரிமை, 1870-ல் கறுப்பின ஆண்களுக்கு ஓட்டு. அதே 1870-ல் மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் என்ற கறுப்பினத்தவர் நாடாளுமன்ற மேல்சபையான செனட்டிலேயே போய் உட்கார்ந்தார். தெற்கே மத்திய அரசின் படை காவலுக்கு நின்றதால்தான் இவ்வளவும் முடிந்தது.

1876 அதிபர் தேர்தலில் மக்கள் ஓட்டில் முந்தியவர் டில்டன். ஆனால் சில மாநிலங்களில் யாருக்கு வெற்றி என்று பெரிய தகராறு, 15 பேர் கொண்ட குழு 8-க்கு 7 என்று ஹேஸ் பக்கம் தீர்ப்புச் சொல்ல, அதிபரைத் தேர்ந்தெடுக்கும் மாநிலப் பிரதிநிதிகளின் ஓட்டில் கடைசிக் கணக்கு 185-க்கு 184 என்று வந்து ஹேஸ் அதிபரானார். 1877-ல் அவர் பதவியேற்ற சில வாரங்களிலேயே தெற்கில் காவல் நின்ற படை விலகிவிட்டது.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்றும் தாங்க முடியாதது. யாரும் அந்தச் சட்டத்திருத்தங்களை ரத்து செய்யவே இல்லை. மிசிசிப்பி 1890-ல் புதிதாக ஓர் அரசியல் சட்டம் எழுதிக்கொண்டது. ஓட்டுப் போட வேண்டுமா, 2 டாலர் வரி கட்டு. அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவை வாசித்துக் காட்டு, இல்லையென்றால் வாசிப்பதைக் கேட்டு அர்த்தம் சொல்லு. எந்தப் பிரிவைக் கேட்பது, சொன்ன அர்த்தம் சரியா தப்பா, இரண்டையும் முடிவு செய்கிறவர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் வெள்ளை அதிகாரி. விதியில் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, ஆனால் வேலை கச்சிதமாக முடிந்தது. 1901-லிருந்து 1973 வரை தென் மாநிலங்களிலிருந்து ஒரு கறுப்பினத்தவர்கூட நாடாளுமன்றத்தில் இல்லை. கிங் போராடியது ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்த உரிமையை நடைமுறைக்குக் கொண்டுவர.

கே: கறுப்பினப் பெண்ணான ரோசா பார்க்ஸ் வேலை முடிந்த களைப்பில் பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட்டு எழுந்திருக்க மறுத்தார், அதிலிருந்து ஒரு புரட்சியே வெடித்தது என்கிறார்களே, உண்மையா? (இல்லத்தரசி, திண்டுக்கல்)

ப: களைப்பு என்று சொல்வது அவருக்கு நாம் செய்யும் அநியாயம், அம்மா. அவர் தையல் வேலை செய்தவர்தான், ஆனால் கறுப்பினத்தவர் முன்னேற்றச் சங்கத்தின் மாண்ட்கோமரி (அலபாமா மாநிலம்) கிளைக்குப் பல வருடம் செயலாளராக இருந்தவர். அதே ஊரில் ஒன்பது மாதம் முன்பே கிளாடெட் கோல்வின் என்ற 15 வயதுப் பெண் இதே காரணத்துக்காகக் கைதாகியிருந்தாள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம், பார்க்ஸ் கைதான 1955 டிசம்பர் 1-ம் தேதி ராத்திரி. ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை. சில வருடம் முன்பு, கிட்டத்தட்ட காலியாக இருந்த பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்ததற்காக டிரைவர் கத்தியதில் அழுதுகொண்டே இறங்கியவர். அன்று ராத்திரி கல்லூரிக்குப் போய், ஒரு சக ஆசிரியரும் இரண்டு மாணவர்களும் கூட இருக்க, ‘திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறாதீர்கள்’ என்ற நோட்டீஸை சைக்ளோஸ்டைல் மிஷினில் பல்லாயிரம் பிரதி ஓட்டி, பொழுது விடிந்ததும் ஊர் முழுக்க விநியோகிக்கக் கொடுத்துவிட்டார். ஒரு நாள் என்று ஆரம்பித்தது 381 நாள் நீண்டது.

381 நாள் ஜனங்கள் நடந்தும், கார் வைத்திருந்தவர்கள் ஆளேற்றிக்கொண்டும் சமாளித்தார்கள். பெட்ரோலுக்குக் காசு? ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்கார அம்மா, மற்ற பெண்களைச் சேர்த்துக்கொண்டு கோழிக்கறி, கேக், ‘பை’ பலகாரம் என்று செய்து விற்றுப் பணத்தைக் கூட்டத்தில் கொண்டுவந்து கொடுப்பார். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ‘எங்கிருந்தும் இல்லை’ என்பதுதான் பதில். பெயர் தெரிந்தால் அந்தப் பெண்களுக்கு வேலை போய்விடும். கில்மோருக்கு அப்படித்தான் போனது, இந்தப் புறக்கணிப்பை நடத்தியதற்காக கிங் மீது போட்ட வழக்கில் சாட்சி சொன்னதற்காக. கடைசியில் பஸ்ஸில் பிரித்து உட்கார வைப்பதை உச்ச நீதிமன்றம் செல்லாது என்ற வழக்கில் வாதிகளில் ஒருத்தி அந்தச் சிறுமி கோல்வின்.

கே: அமெரிக்கப் பெண்களுக்கு எப்போது ஓட்டுரிமை வந்தது? (வாசகி, நாகர்கோவில்)

ப: 1920-ல். அதற்கான சட்டத்திருத்தத்தை 36 மாநிலங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது, 35 ஆகிவிட்டது, டென்னசியில் இழுபறி. ஹாரி பர்ன் என்ற 24 வயது சட்டசபை உறுப்பினர் எதிர்ப்பாளர்களின் சிவப்பு ரோஜாவைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்தார், பையில் அம்மாவின் கடிதம். நல்ல பிள்ளையாக இரு, ஆதரித்து ஓட்டுப் போடு என்று அம்மா எழுதியிருந்தார். மகன் ஆதரித்தார். ஆனால் தெற்கில் இருந்த கறுப்பினப் பெண்களுக்கு அந்த மேஜையும் அதிகாரியும் அப்படியே இருந்தார்கள், 1965 வரை.

கே: நியூஜெர்சியில் இருக்கும் என் பேத்திக்குப் பள்ளியில் 1965 பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வருடத்தில் அப்படி என்ன விசேஷம்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

ப: மார்ச் 7-ம் தேதி அலபாமா மாநிலத்தின் செல்மாவில் இருந்து பேத்தியை ஆரம்பிக்கச் சொல்லுங்கள், ஐயா. ஓட்டுரிமை கேட்டுப் பாலத்தைக் கடந்து நடந்த சுமார் 600 பேரைப் போலீஸ் தடியால் அடித்ததை நாடே டிவியில் பார்த்தது. ஆகஸ்ட் 6-ல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. பதிவு செய்ய மத்திய அரசே ஆள் அனுப்பலாம் என்றதால் அந்த மேஜை அதிகாரியின் ஆட்டம் முடிந்தது. அக்டோபர் 3-ம் தேதி, சுதந்திர தேவி சிலை நிற்கும் தீவில் அதிபர் ஜான்சன் குடியேற்றம் பற்றிய இன்னொரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதுவரை இந்தியாவுக்குக் குடியேற்ற ஒதுக்கீடு வருடத்துக்கு 100 பேர். பிறந்த நாட்டைப் பார்த்து ஆள் எடுப்பது போய், படிப்பும் உறவும் பார்க்கிற முறை வந்தது, ஒரு நாட்டுக்கு 20,000 பேர் வரை. உங்கள் வீட்டிலிருந்து யாரோ ஒருவர் விசா வாங்கிக்கொண்டு கிளம்பியது அந்த வழியில்தான் இருக்கும். இரண்டு சட்டத்தையும் நிறைவேற்றியது ஒரே நாடாளுமன்றம், இடையில் இரண்டே மாதம்.