வட வர்ஜீனியாவுக்கு மாற்றல்: கணக்கில் முந்தி நிற்கும் மகளுக்கு எந்த அரசுப் பள்ளி?

கேள்வி: மே மாதம் சென்னையிலிருந்து வட வர்ஜீனியாவுக்கு மாற்றல். மகள் சி.பி.எஸ்.இ. ஏழாம் வகுப்பு முடித்துவிட்டாள். எட்டு, ஒன்பதாம் வகுப்புக் கணக்குகளைத் தானாகவே போடுகிறாள். தனியார் பள்ளிக்கு வசதி இல்லை. பத்துக்கு ஒன்பதோ பத்தோ ரேட்டிங் உள்ள அரசுப் பள்ளியாகப் பார்த்து வீடு பிடித்தால் போதுமா?

போதாது. கிரேட்ஸ்கூல்ஸ் போன்ற தளங்களில் தெரியும் அந்த எண் பெரும்பாலும் மாநிலத் தேர்வு முடிவுகளை வைத்துப் போடுவது. வர்ஜீனியாவில் அதற்கு எஸ்.ஓ.எல். என்று பெயர். அந்தந்த வகுப்புக்கு உண்டானதில் பிள்ளைகள் தேறினார்களா என்றுதான் அது பார்க்கும். படித்த, வசதியான குடும்பங்கள் நிறைந்த பகுதியில் எண் தானாக ஏறிவிடும். வகுப்பை முந்திவிட்ட பிள்ளைக்கு அந்தப் பள்ளியில் அடுத்த படி இருக்கிறதா என்பதை அது சொல்லாது. எட்டு ரேட்டிங் பள்ளியில் அந்தப் படி இருக்கலாம், பத்து ரேட்டிங் பள்ளியில் இல்லாமலும் போகலாம்.

படி என்று சொல்வது கணக்குப் பாட வரிசையை. அங்கே நம்மூர் மாதிரி எல்லாம் கலந்து வராது. ஒரு வருஷம் அல்ஜீப்ரா 1, அடுத்து ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2, பிரீகால்குலஸ், கால்குலஸ் என்று வருஷத்துக்கு ஒரு பாடம். சாதாரண வேகத்தில் அல்ஜீப்ரா 1 ஒன்பதாம் வகுப்பில் வரும். எட்டில் எடுத்தால் பன்னிரண்டில் கால்குலஸ். ஏழிலேயே எடுத்தவர்களுக்குப் பதினொன்றில் கால்குலஸ் முடிந்து, கடைசி வருஷம் என்ன படிப்பது என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு ஒரு ஹைஸ்கூல் என்ன பதில் வைத்திருக்கிறது என்று பாருங்கள், பள்ளியின் தரம் பிடிபட்டுவிடும். கால்குலஸுக்கு அடுத்த படியான மல்டிவேரியபிள் கால்குலஸ் பள்ளியிலேயே நடக்கிறதா, ஆன்லைனிலா, பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜோடு சேர்ந்து டூயல் என்ரோல்மென்டா (பள்ளியில் இருந்தபடியே கல்லூரிப் பாடம் எடுப்பது), இல்லை ‘ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுத்துக்கொள்ளட்டும்’ என்று கைகழுவுகிறார்களா?

இதற்கு இரண்டு காகிதம் போதும். ஒன்று, கோர்ஸ் கேட்டலாக். மற்றது ‘ஸ்கூல் புரொஃபைல்’. கல்லூரி விண்ணப்பங்களோடு கவுன்சிலர் (மாணவர்களின் பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் பள்ளி ஊழியர்) அனுப்பும் இரண்டு மூன்று பக்கத் தாள் இது. எத்தனை ஏ.பி. பாடம் (பள்ளியிலேயே நடக்கும் கல்லூரி நிலைப் பாடம்) நடக்கிறது, அந்தத் தேர்வுகளில் மாணவர்கள் எப்படித் தேறினார்கள், கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வின் மதிப்பெண் எப்படிப் பரவியிருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். பெற்றோருக்காக எழுதாததால் விளம்பர வாசனை குறைவு. பள்ளியின் பெயரோடு சேர்த்துத் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். கேட்டலாகை மட்டும் நம்பாதீர்கள். அதில் பெயர் இருந்தாலும் போதிய ஆள் சேராவிட்டால் அந்த வருஷம் வகுப்பு நடக்காது. அதனால் கவுன்சிலருக்கு எழுதும்போது எண்ணிக்கையாகவே கேளுங்கள்: போன வருஷம் எட்டாம் வகுப்பில் ஜியோமெட்ரி எத்தனை செக்‌ஷன் நடந்தது? பன்னிரண்டுக்கு முன்பே ஏ.பி. கால்குலஸ் பி.சி. முடித்தவர்கள் எத்தனை பேர்? அவர்கள் அடுத்து என்ன எடுத்தார்கள்? ‘எங்கள் ஆசிரியர்கள் வகுப்புக்குள்ளேயே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏற்றபடி நடத்துவார்கள்’ என்று மட்டும் பதில் வந்தால், தனி வகுப்பு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இனி உங்கள் மகள் விஷயம். இதில்தான் நம்மவர்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். இந்திய மார்க் ஷீட்டில் ‘மேத்தமேட்டிக்ஸ் – ஏ1’ என்று இருக்கும். அதை வைத்து அல்ஜீப்ராவா, அதற்கு முந்தைய பாடமா என்று அங்கே ஒருவரும் முடிவு செய்ய முடியாது. வயதைப் பார்த்து வழக்கமான வகுப்பில் உட்கார வைத்துவிடுவார்கள். ஆகவே எந்தக் கணக்கு வகுப்பு பொருந்தும் என்று பார்க்கும் பிளேஸ்மென்ட் டெஸ்ட்டை நீங்கள்தான் எழுத்து மூலம் கேட்டு வாங்க வேண்டும். கூடவே இரண்டு மூன்று வருஷ மார்க் ஷீட், கணக்குப் புத்தகங்களின் பொருளடக்கப் பக்கங்கள், அவள் கைப்பட ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் போட்ட நோட்டிலிருந்து நாலு பக்கம். அந்த நாலு பக்கத்துக்கு இருக்கும் மதிப்பு ஒலிம்பியாட் சான்றிதழுக்கு இல்லை; பெரும்பாலான கவுன்சிலர்களுக்கு அந்தத் தேர்வின் பெயரே புதிது.

டெஸ்ட்டில் என்ன தடுக்கும்? சி.பி.எஸ்.இ. பிள்ளைகள் முற்றொருமைகளிலும் காரணிப்படுத்துவதிலும் பிய்த்து உதறுவார்கள். ஆனால் சார்பின் (ஃபங்ஷன்) மதிப்பகம் (டொமைன்), வீச்சகம் (ரேஞ்ச்), கோட்டின் சாய்வு (ஸ்லோப்), அசமன்பாட்டை வரைபடத்தில் நிழலிட்டுக் காட்டுவது, சிதறிய புள்ளிகளுக்குப் பொருந்தும் கோடு போடுவது ஆகியவை அல்ஜீப்ரா 1-இல் முக்கியமான இடம் பிடிப்பவை. சி.பி.எஸ்.இ.யில் சார்பும் சாய்வும் பதினொன்றில்தான் முறையாக வரும். (தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பின் முதல் இயலே ‘உறவுகளும் சார்புகளும்’, சாய்வும் அதே வகுப்பில் உண்டு. அந்தப் புத்தகத்தை ஒரு கை பார்த்திருந்தால் இந்த ஓட்டை இருக்காது.) கிளம்புவதற்கு முன் ஆறு வாரம், கான் அகாடமியில் அல்ஜீப்ரா 1 யூனிட் டெஸ்ட்டுகளை மட்டும் போடச் சொல்லுங்கள். தவறு வரும் யூனிட்டை மட்டும் படித்தால் போதும். டெஸ்மாஸ் கிராஃபிங் கால்குலேட்டரையும் பழக்கிவிடுங்கள், எஸ்.ஓ.எல். தேர்வுத் திரையில் அது இருக்கும். நம் பிள்ளைகள் அதைத் தொடாமல் எல்லாவற்றையும் கையால் போட்டு நேரத்தை இழப்பார்கள்.

மே மாதம் போய்ச் சேர்வது உங்களுக்கு நல்ல வாய்ப்பு. வட வர்ஜீனியாவில் பள்ளி ஜூன் நடுப்பகுதி வரை நடக்கும். ‘இன்னும் சில வாரம்தானே, ஆகஸ்டில் சேர்த்துக்கொள்ளலாம்’ என்று விடாதீர்கள். உடனே ஏழாம் வகுப்பில் சேர்த்தால் கவுன்சிலர் கையருகே இருப்பார், அடுத்த வருஷப் பாடத் தேர்வை அவரோடு உட்கார்ந்து முடிக்கலாம். ஜூலையில் ஆளைப் பிடிப்பதே கஷ்டம். ஆகஸ்டில் பள்ளி திறக்கும்போது அடுத்த படிக் கணக்கு வகுப்பில் இடம் நிரம்பியிருக்கும்.

எட்டாம் வகுப்புக் கணக்குக்கு இவ்வளவு அவசரம் எதற்கு என்றால், தாமஸ் ஜெஃபர்சன் ஹைஸ்கூலுக்காக. அறிவியல், தொழில்நுட்பத்துக்கென 1985-இல் ஆரம்பித்த அரசுப் பள்ளி அது, எல்லோரும் டி.ஜே. என்பார்கள். ஃபேர்ஃபாக்ஸ் கவுன்டியோடு லௌடன் உள்ளிட்ட பக்கத்து மாவட்டப் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். எட்டாம் வகுப்பில் குறைந்தது அல்ஜீப்ரா 1 ஹானர்ஸ் (வழக்கத்தைவிட ஆழமாக நடத்தும் வகுப்பு) படித்துக்கொண்டிருக்க வேண்டும், அறிவியலும் ஹானர்ஸாக இருக்க வேண்டும், ஜி.பி.ஏ. 3.5-க்குக் குறையக் கூடாது. விண்ணப்பம் அக்டோபர் கடைசியில் திறந்து நவம்பரில் மூடிவிடும். ஆகஸ்டில் தவறான கணக்கு வகுப்பில் உட்கார்ந்தால் கதவு அப்போதே மூடிவிடும்.

பழைய நுழைவுத் தேர்வை 2020-இல் எடுத்துவிட்டார்கள். அதை எதிர்த்த வழக்கை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்கவில்லை. இப்போதைய முறை அப்படியே நிற்கிறது. வருஷத்துக்கு 550 இடம். ஒவ்வொரு அரசு மிடில் ஸ்கூலின் எட்டாம் வகுப்பு எண்ணிக்கையில் 1.5 விழுக்காடு இடம் அந்தப் பள்ளிக்கே ஒதுக்கீடு, மீதி பொதுப் போட்டி. மதிப்பெண்ணோடு, மாணவர் தன்னைப் பற்றி எழுதும் பதில்களும் கணக்கு அல்லது அறிவியல் சிக்கல் ஒன்றைத் தீர்த்து விளக்கும் கட்டுரையும் பார்க்கப்படும். விடையை மட்டும் எழுதிப் பழகிய நம் பிள்ளைகள் சறுக்குவது அந்தக் கட்டுரையில். ஏன் அந்த வழியில் போனேன், எதை ஊகித்துக்கொண்டேன் என்று வாக்கியமாக எழுத இப்போதிருந்தே பழக்குங்கள். எல்லோரும் மொய்க்கும் மிடில் ஸ்கூலில் சேர்த்தால் அந்த 1.5 விழுக்காட்டுக்கு அடிதடி அதிகம் என்பதையும் மனதில் வையுங்கள். ரேட்டிங் பார்த்து வீடு பிடிப்பவர்களுக்கு இது உறைப்பதே இல்லை.

டி.ஜே. கிடைக்காவிட்டால் பத்தாம் வகுப்பில் சேர ஒரு சின்ன வாய்ப்பு உண்டு. லௌடனில் வீடு பார்த்தால் லீஸ்பர்க்கில் 2018-இல் திறந்த அகாடமீஸ் ஆஃப் லௌடன் இருக்கிறது. ஒரு நாள் அங்கே, மறுநாள் சொந்த ஹைஸ்கூலில் என்று மாறி மாறிப் போக வேண்டும். லௌடனின் மேற்குக் கோடியிலிருந்து டி.ஜே.க்கு தினமும் பஸ்ஸில் போய் வரும் அலைச்சலை நினைத்தால், பல பிள்ளைகளுக்கு இதுவே மேல் என்பது என் கருத்து.

வீடு எடுக்கும்போது, வீடு தேடும் தளமான ஜில்லோ காட்டும் பள்ளிப் பெயரை நம்பி லீஸில் கையெழுத்துப் போடாதீர்கள். பள்ளி மாவட்டத்தின் சொந்தத் தளத்தில் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். ஒரே தெருவின் இரண்டு பக்கமும் வேறு வேறு பள்ளிக்குப் போகலாம். பள்ளி எல்லை மாற்றம் பேச்சில் இருக்கிறதா என்று பள்ளி வாரியக் கூட்டக் குறிப்புகளில் தேடுங்கள். கம்பெனி கொடுக்கும் முதல் மாதத் தற்காலிக வீடு வேறு எல்லையில் இருந்தால் பிள்ளை இரண்டு முறை பள்ளி மாற வேண்டிவரும், ஆகவே அதையும் அதே எல்லைக்குள் கேளுங்கள். சொந்தக்காரர் முகவரியைக் கொடுக்கும் யோசனை மட்டும் வேண்டாம். கண்டுபிடித்தால் பிள்ளையை வெளியே அனுப்புவதோடு கட்டணமும் கேட்பார்கள்.

சேர்க்கைப் படிவத்தில் வீட்டில் பேசும் மொழி எது என்று ஒரு கேள்வி வரும். தமிழ் என்று எழுதினால் மகளுக்கு விடா ஸ்கிரீனர் என்ற ஆங்கிலச் சோதனை வைப்பார்கள். பயந்துபோய் ‘இங்கிலீஷ்’ என்று பொய் எழுதச் சொல்பவர்கள் உண்டு, தேவையில்லை. அந்தச் சோதனையில் சரளமாக ஆங்கிலம் பேசும் பிள்ளைகூட மாட்டிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு: ஹெட்செட் மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்துப் பேசும் பகுதி. கூச்சத்தில் ஒரு வார்த்தையில் பதில் சொன்னால் மதிப்பெண் குறையும். குறைந்தால் ஹானர்ஸ் வகுப்புக்கு இருக்கும் நேரத்தை ஆங்கில வகுப்பு தின்னலாம். முழு வாக்கியமாக, இரண்டு மூன்று காரணம் சொல்லிப் பேசும்படி வீட்டிலேயே பழக்குங்கள். அப்படியே குறைந்தாலும், அந்தத் தனி வகுப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு.

தடுப்பூசியில் இழுபறி ஆவது வேரிசெல்லா (சின்னம்மை) இரண்டாம் டோஸும் டிடாப்பும் (டெட்டனஸ், டிப்தீரியா, கக்குவான்). இரண்டையும் சென்னையிலேயே போட்டு ஆங்கிலத்தில் பதிந்து வாங்குங்கள். டி.பி. சோதனை கேட்டால் தோல் ஊசிக்குப் பதில் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். பி.சி.ஜி. போட்ட பிள்ளைக்குத் தோல் சோதனை பாசிட்டிவ் காட்டலாம்; காட்டினால் எக்ஸ்ரே, டாக்டர் கடிதம் என்று நாள் போகும்.

வேறு மாநிலத்துக்குப் போகிறவர்களுக்கு: நியூ ஜெர்சியில் பெர்கன், மிடில்செக்ஸ் கவுன்டி அகாடமிகளுக்கு அந்தந்தக் கவுன்டியில் குடியிருக்க வேண்டும், விண்ணப்பிப்பது எட்டாம் வகுப்பில். பெரிய பிள்ளையோடு போனால் இல்லினாய் நல்லது. ஆரோராவில் உள்ள மாநில உண்டு உறைவிடக் கணித அறிவியல் அகாடமி பத்தாம் வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது. வட கரோலினாவில் டர்ஹமில் உள்ளது பதினொன்றிலிருந்து. டெக்சஸில் ஒரு பாடத்தை வகுப்பில் படிக்காமலே தேர்வெழுதி, 80 விழுக்காடு எடுத்துத் தாண்டிப் போகலாம்.

கடைசியாக ஒரு நுணுக்கம். வர்ஜீனியாவில் எட்டாம் வகுப்பில் படிக்கும் அல்ஜீப்ரா 1 அல்லது ஜியோமெட்ரி ஹைஸ்கூல் கிரெடிட்டாகச் சேரும், அந்த கிரேடு ஹைஸ்கூல் டிரான்ஸ்கிரிப்டிலும் (கல்லூரிகள் பார்க்கும் மதிப்பெண் பதிவு) ஏறும். புது ஊர், புதுப் பள்ளி என்று முதல் வருஷம் பி-யோ சி-யோ வந்துவிட்டால், அந்த கிரேடை டிரான்ஸ்கிரிப்டிலிருந்து நீக்கச் சொல்லிப் பெற்றோர் எழுதிக் கொடுக்கலாம். நீக்கினால் கிரெடிட்டும் போகும். அதற்கு ஒரு கெடு தேதி உண்டு. மிடில் ஸ்கூலை விட்டு வரும்போதே கவுன்சிலரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.