மருத்துவச் செலவுக்குப் பிஎஃப் பணத்தை முன்கூட்டியே எடுக்கலாமா?

எடுக்கலாம். பிஎஃப் என்பது மாதாமாதம் உங்கள் அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படியில் 12 சதவீதம் பிடித்து, ஓய்வுக்காலத்துக்கென நிறுவனத்தின் பங்கோடு சேர்த்து வைக்கும் பணம். பெரிய அறுவை சிகிச்சை, புற்றுநோய், காசநோய் போன்றவற்றுக்கு, உங்களுக்கோ குடும்பத்தாருக்கோ, படிவம் 31 வழியாக ஒரு பகுதியை எடுக்க 1952-ஆம் ஆண்டுத் திட்டத்திலேயே வழி உண்டு.

ஆறு மாதச் சம்பளம் அல்லது வட்டியுடன் உங்கள் பங்கு, இரண்டில் எது குறைவோ அதுவே நெடுநாள் இருந்த உச்சவரம்பு. 2025 அக்டோபரில் பிஎஃப் அமைப்பை நிர்வகிக்கும் அறங்காவலர் குழு விதிகளைத் தளர்த்த முடிவெடுத்தது. ஆகவே விண்ணப்பிக்கும் அன்று நடப்பிலுள்ள வரம்பைப் பாருங்கள்.

ஏன் வரம்பு? இது விதைநெல் மாதிரி. பசிக்குக் குத்திச் சாப்பிடலாம், ஆனால் அடுத்த விளைச்சல் அதில்தான் இருக்கிறது. 8.25 சதவீத வட்டி அப்படியே நீடித்தால், இன்று எடுக்கும் 1 லட்சம் 20 ஆண்டில் ஏறக்குறைய 4.88 லட்சம் ஆகியிருக்கும். உயிர் முக்கியம், தயங்காதீர்கள். ஆனால் மருத்துவக் காப்பீடு இருந்தால் முதலில் அதைப் பயன்படுத்துங்கள்.

இதைக் கடன் என்று பலர் நினைக்கிறார்கள். கடன் இல்லை, தவணையும் இல்லை, எடுத்ததைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை.