டிரம்பெட் வால்வு மாட்டிக்குது, தேங்காயெண்ணெய் விடலாமா?

கேள்வி: சார், நான் குடியாத்தம், பேண்ட் செட்டுல டிரம்பெட் வாசிக்கிறேன். நடு வால்வ அமுக்கினா மேல ஏறவே மாட்டேங்குது, விரலாலயே தூக்கி விட வேண்டியிருக்கு. கூட வாசிக்கிற அண்ணன் தேங்காயெண்ணெய் ரெண்டு சொட்டு விடுன்றாரு. வைகாசி 1 கெங்கையம்மன் சிரசு திருவிழா வருது, அதுக்குள்ள வீட்லயே சரி பண்ணிடலாமா?

பதில்: பண்ணிடலாம் தம்பி, ஆனா தேங்காயெண்ணெய் மட்டும் வேணாம். வால்வுக்குள்ள மேலயும் கீழயும் போற பிஸ்டனுக்கும் அது ஓடுற குழாய்க்கும் நடுவுல ஒரு தலைமுடி பருமன் கூட இடைவெளி கிடையாது, அதுல போயி கெட்டியான எண்ணெய விட்டா மொதல்ல வழுக்குற மாதிரி இருக்கும், அப்புறம் தூசிய எல்லாம் புடிச்சு வெச்சிக்கும், மார்கழி ராத்திரில 24 டிகிரிக்குக் கீழ போச்சுன்னா உறைஞ்சே போயிடும். ஏற்கனவே அழுக்கு இருக்கிற எடத்துல நல்ல ஆயில் விட்டாலும் பிரயோஜனம் இல்ல, மொதல்ல கழுவணும்.

மேல் மூடிய திருகி பிஸ்டனை நேரா மேல தூக்குங்க, கோணலா இழுக்காதீங்க. பிஸ்டன் மேல 1, 2, 3ன்னு நம்பர் இருக்கும், அது மாறக்கூடாது, மாறிப் போட்டா ஊதினா காத்தே போகாது. ஃபெல்ட்ட, அதாவது சத்தம் வராம இருக்க வெச்சிருக்கிற மெத்துன்னு இருக்கிற துணி வளையத்த, தனியா எடுத்து வெச்சிடுங்க, நனையக்கூடாது. அடி மூடியயும் கழட்டிட்டு, வெதுவெதுப்பான தண்ணில பாத்திரம் கழுவற லிக்விட் கொஞ்சம் கலந்து கழுவுங்க. கொதிக்கிற தண்ணி ஊத்தினா மேல இருக்கிற லேக்கர்ன்ற பளபளப்புப் பூச்சு உரிஞ்சு வந்துடும். பழைய காட்டன் வேட்டித் துணிய மரக்குச்சில முழுசா சுத்தி குழாய் உள்ள துடைச்சு எடுங்க. உப்புத்தாள், பித்தளை பாலிஷ் ரெண்டும் பிஸ்டன் பக்கமே வரக்கூடாது, ஒரு தடவ தேஞ்சா தேஞ்சதுதான்.

இதுல நம்ம ஊருக்குன்னே ஒரு விஷயம் இருக்கு. பாலாத்துப் பக்கம் நெறைய எடத்துல போர் தண்ணி உப்பு, அதுலயே கழுவி அப்படியே காய விட்டா வெள்ளையா படிஞ்சு அதுவே வால்வ புடிக்கும், அதனால கடைசியா அலசறதுக்கு மட்டும் கேன் தண்ணி எடுத்துக்குங்க, உடனே துடைச்சிடுங்க. காஞ்சப்புறம் மியூசிக் கடைல கிடைக்கிற வால்வு ஆயில பிஸ்டன் மேல மூணு நாலு சொட்டு விட்டு உள்ள எறக்கி, டக்குன்னு உக்கார்ற வரைக்கும் மெதுவா திருப்புங்க.

இவ்வளவு செஞ்சும் நடு வால்வு மட்டும் ஒரசுதுன்னா, அதோட சின்ன ஸ்லைடு, அதாவது அந்த வால்வுலேர்ந்து வெளிய நீட்டிட்டு இருக்கிற வளைஞ்ச குழாய், எங்கயாவது இடிச்சிருக்கான்னு பாருங்க. அந்த ஸ்லைடுல அடி பட்டா அது நேரா பிஸ்டன் ஓடுற குழாய்க்குத்தான் போகும், உள்ள லேசா நசுங்கிடும். அத வீட்ல தட்டவே தட்டாதீங்க, ரிப்பேர் பண்றவர்கிட்ட குடுத்துடுங்க. விரலயும் சாய்ச்சு அமுக்காம நேரா அமுக்கிப் பாருங்க, நெறைய பேருக்கு அதுலயே பாதி சரியாயிடும்.

திருவிழா அன்னிக்கு வெயில்ல ஆயில் சீக்கிரம் காஞ்சிடும், பாக்கெட்லயே ஒரு பாட்டில் இருக்கட்டும். நடுவுல கூல்ட்ரிங்க்ஸ், சர்பத் குடிச்சா வாய் கொப்பளிச்சிட்டு அப்புறம் ஊதுங்க, அந்த சர்க்கரை எச்சில்தான் உள்ள போயி பிசுபிசுன்னு ஒட்டிக்குது.