கடதாசிக் குழாயில வீடு கட்டினவர்

தம்பி, புதுப்புது பொருளில கட்டிப் பார்க்கிற ஆர்க்கிடெக்டா வரோணும் எண்டா வீட்டில "அதில சோறு வராது" எண்டு பேசுறாங்க எண்டு எழுதியிருந்தீங்க, வாசிக்கவே மனசு கஷ்டமாப் போச்சு. அப்பாக்கு ஷிகேரு பான் எண்ட ஜப்பான் ஆர்க்கிடெக்டைப் பற்றிச் சொல்லுங்கோ. 1985இல டோக்கியோவில சொந்த ஆபீஸ் திறந்தவர், அடுத்த வருஷம் ஒரு கண்காட்சிக்கு மரத்துக்குப் பதிலா கடதாசிக் குழாய் பாவிச்சார், அந்தக் குழாயையே விடாமப் பிடிச்சு டெஸ்ட் பண்ணிப் பண்ணி 1995 கோபே பூமியதிர்ச்சிக்குப் பிறகு வீடாவே கட்டினார், சுவர் குழாய், அத்திவாரம் மணல் மூட்டை போட்ட பியர் பெட்டி. காசுக்கு வீடு, மியூசியம் எண்டு கட்டிக்கொண்டுதான் இதையும் செய்தவர். ஆர்க்கிடெக்ட்மாருக்குக் குடுக்கிற பெரிய பரிசான பிரிட்ஸ்கர் அவருக்குக் கிடைச்சது 2014இலதான்!

சுனாமிக்குப் பிறகு எங்கட இலங்கையில, தெற்குக் கரையில இருக்கிற கிரிந்தவிலயும் கட்டியிருக்கிறார், எங்கட கிண்ணியா மூதூர் மாதிரி முஸ்லிம் மீனவச் சனம் இருக்கிற ஊர், அழுத்தின மண் கல்லும் ரப்பர் மரமும் பாவிச்ச வீடுகள். ஒருக்கா போய்ப் பாருங்கோ.

மொறட்டுவை கம்பஸுக்கு அப்ளை பண்ணுற அதேநேரம் பனைமட்டை, மண் கல் ரெண்டையும் மொட்டைமாடியில உப்புக்காத்தில வச்சு மாசாமாசம் போட்டோ எடுங்கோ, மாரி முடிஞ்சதும் இங்க போடுங்கோ, நான் கட்டாயம் பார்ப்பன்.